வாட்டிய ரொட்டியும் பால்குழம்பு மாட்டிறைச்சியும்: ஓர் அமெரிக்க எளிய உணவின் வரலாறு

உலர்த்திய மாட்டிறைச்சியைத் தாளினும் மெல்லியதாகச் சீவி, மாவும் கொழுப்பும் பாலும் சேர்த்துக் காய்ச்சிய வெள்ளை சாஸில் இட்டுச் சூடாக்கி, வாட்டிய ரொட்டித் துண்டின்மேல் ஊற்றி உண்பது அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக வழங்கிவரும் எளிய உணவு. 'கிரீம்டு சிப்டு பீஃப்' என்பது அதன் வீட்டுப் பெயர். படைவீரரிடையே அதற்கு வேறொரு பெயர் உண்டு. அப்பெயர் கீழே ஆராயப்படும். இவ்வுணவைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் இரண்டு செய்திகளை ஐயமின்றிக் கூறுவர். ஒன்று, இது படைச் சமையற்கூடத்தில் பிறந்தது என்பது. மற்றொன்று, இறைச்சியை மிச்சப்படுத்தவே இது உருவாக்கப்பட்டது என்பது. கிடைக்கும் சமையல் நூல்களையும் படைக் கையேட்டையும் ஒப்பிட்டுப் பார்க்கையில் முதற்கூற்று பொருந்தவில்லை. இரண்டாவது கூற்று, படையின் முதற்கட்டத்தைப் பொறுத்தவரையிலாவது, தலைகீழாக இருக்கிறது. சிக்கனத்தின் சின்னமாக இவ்வுணவு எப்போது, எவ்வாறு ஆனது என்பதே இக்கட்டுரையின் வினா.

இறைச்சி

தமிழர்க்கு உப்புக்கண்டம் புதிதன்று. மிகுந்த இறைச்சியை உப்பும் மஞ்சளும் தடவி வெயிலில் காயவைத்துக் கோத்துத் தொங்கவிடும் வழக்கம் ஊர்ப்புறங்களில் நெடுங்காலமாக உண்டு. அமெரிக்க உலர் மாட்டிறைச்சி அதன் தூரத்து உறவு எனலாம். ஆனால் செய்முறை வேறு. தொடைப்பகுதியின் கொழுப்பற்ற பெருந்துண்டுகளை உப்பு, சர்க்கரை, வெடியுப்பு கலந்த நீரில் பல நாள் ஊறவைத்து, பின் புகையிலோ காற்றிலோ உலர்த்துவர். வெயிலின் பங்கு இதில் இல்லை. குளிர்ந்த நாட்டில் பனிக்காலம் முழுதும் வைத்திருக்கத்தக்க இறைச்சி இது. பென்சில்வேனியாவில் குடியேறிய ஜெர்மானிய உழவர் இக்கலையில் தேர்ந்தவர். இன்றளவும் பென்சில்வேனியா, மேரிலாந்து, டெலவேர் ஆகிய மாநிலங்களின் சிற்றுணவகங்களில் காலை உணவுப் பட்டியலில் இவ்வுணவு இடம்பெறுவதற்கு இதுவே பின்புலம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் குளிரூட்டிய இரயில் பெட்டிகள் சிகாகோவிலிருந்து பச்சை இறைச்சியை நாடெங்கும் கொண்டுசென்றன. உலர்த்தும் தேவை அத்துடன் குறைந்திருக்க வேண்டும். ஆயினும் உலர் இறைச்சி மறையவில்லை. இறைச்சி நிறுவனங்கள் அதனை இயந்திரத்தால் சீவித் தகரப் பெட்டியிலும் கண்ணாடிப் புட்டியிலும் அடைத்து விற்றன. வீட்டில் கத்தியால் சீவும் உழைப்பு நீங்கியது. கால் பவுண்டு, அரைப் பவுண்டு எனச் சிறு அளவில் வாங்க முடிந்தது. பாதுகாப்பதற்காகத் தோன்றிய பொருள் எளிதில் சமைப்பதற்கான பொருளாக மாறியது. அடுக்களை அலமாரியில் ஒரு புட்டி இருந்தால், கசாப்புக்கடை பூட்டியிருக்கும் நாளிலும் சூடான உணவு உண்டு என்பது இல்லத்தரசிக்குக் கிடைத்த உறுதி.

மனையியல் வகுப்பறை

உலர் இறைச்சியை வெண்ணெயில் ஓரம் சுருளும்வரை பொரித்துப் பாலும் மாவும் சேர்க்கும் முறை 'ஃபிரிசில்டு பீஃப்' என்ற பெயரில் பத்தொன்பதாம் நூற்றாண்டு வீட்டுச் சமையல் நூல்களில் காணப்படுகிறது. 1896ஆம் ஆண்டு ஃபேனி ஃபார்மர் வெளியிட்ட 'பாஸ்டன் குக்கிங் ஸ்கூல் குக் புக்' என்னும் நூல் இதனை இன்னும் ஒழுங்குபடுத்தித் தருகிறது. கால் பவுண்டு உலர் இறைச்சி. ஒரு கோப்பை பாலேடு. ஒன்றரை மேசைக்கரண்டி மாவு. இறைச்சியை வெந்நீரில் பத்து நிமிடம் ஊறவைத்து வடிக்க வேண்டும். பாலேட்டுக்குப் பதிலாக வெள்ளை சாஸ் சேர்த்தால் அதில் உப்பை விட்டுவிட வேண்டும் என்று ஃபார்மர் எச்சரிக்கிறார். இச்சிறு எச்சரிக்கை கவனத்துக்குரியது. இவ்வுணவின் நிலையான குறை உப்பு மிகுதி. ஊறவைக்கும் பத்து நிமிடத்தைப் பொறுமையற்ற சமையற்காரர் தவிர்த்த இடங்களிலெல்லாம் இவ்வுணவுக்குக் கெட்ட பெயர் ஏற்பட்டது.

ஃபார்மரின் பள்ளி ஓர் இயக்கத்தின் பகுதி. அளவுக் கரண்டியும் அளவுக் கோப்பையும் கொண்டு சமையலை அறிவியலாக்க முனைந்த மனையியலார் வெள்ளை சாஸைத் தங்கள் கல்வியின் அரிச்சுவடியாகக் கொண்டனர். ஒரு கோப்பைப் பாலுக்கு ஒரு கரண்டி மாவு என்றால் நீர்த்த சாஸ். இரண்டு கரண்டி என்றால் இடைப்பதம். மூன்று, நான்கு என்றால் கெட்டி. இவ்வாய்பாட்டை மனப்பாடம் செய்த மாணவி பட்டாணியையும் மீனையும் முட்டையையும் அதனுள் மூழ்கவைக்கக் கற்றாள். லாரா ஷாபிரோ 1986இல் வெளியிட்ட 'பெர்ஃபெக்ஷன் சாலட்' என்னும் ஆய்வு இவ்வியக்கத்தின் சுவை நோக்கை விரிவாக விளக்குகிறது. வெண்மை தூய்மையின் அடையாளமாயிற்று; மணமும் காரமும் கட்டுக்குள் வைக்கப்பட்டன. தமிழ் வாசகர்க்கு இது வியப்பளிக்கக்கூடும். நம் சமையலில் தாளிப்பு எத்தகைய முடிசூட்டலோ, அத்தகைய இடத்தை அங்கே வெள்ளை சாஸ் பெற்றிருந்தது. ஆனால் ஒன்று சுவையை எழுப்புவது, மற்றொன்று அடக்குவது.

படைக்குப் போகுமுன்னரே இவ்வுணவு நகர நடுத்தர வர்க்கத்தின் காலை மேசையில் மதிப்புடன் இருந்தது என்பது இதனால் பெறப்படும்.

1910ஆம் ஆண்டுக் கையேடு

1898ஆம் ஆண்டு ஸ்பெயினுடன் நிகழ்ந்த போரில் அமெரிக்கப் படைக்கு வழங்கப்பட்ட இறைச்சி பெரும் பழிக்குள்ளாயிற்று. பதப்படுத்திய பிணத்துக்கு ஒப்பான மாட்டிறைச்சி வழங்கப்பட்டதாகப் படைத்தலைவர் நெல்சன் மைல்ஸ் வெளிப்படையாகக் குற்றஞ்சாட்டினார், விசாரணைகள் நடந்தன. படையுணவு அரசியல் பொருளாகிவிட்ட அச்சூழலில், 1905ஆம் ஆண்டு கான்சாஸ் மாநிலத்தின் ஃபோர்ட் ரைலியில் ரொட்டி சுடுவோர்க்கும் சமையற்காரர்க்குமான பள்ளி தொடங்கப்பட்டது. சமையல் தெரிந்தவன் முறைவைத்துச் சமைத்த நிலை மாறி, பயிற்சி பெற்றவன் கையேட்டைப் பார்த்துச் சமைக்கும் நிலை உருவானது.

அக்கையேட்டின் 1910ஆம் ஆண்டுப் பதிப்பில் நாம் ஆராயும் உணவு அறுபது பேருக்கான அளவில் தரப்பட்டுள்ளது. சீவிய இறைச்சி 15 பவுண்டு; மாட்டெலும்புச் சாறு 6 குவார்ட்; 12 அவுன்ஸ் கொண்ட நீர் வற்றிய டப்பாப் பால் இரண்டு; உருக்கிய கொழுப்பில் வறுத்த மாவு; மிளகுத்தூள்; நறுக்கிய பார்ஸ்லி இலை. வாட்டிய ரொட்டியின்மேல் பரிமாற வேண்டும்.

இவ்வெண்களை வகுத்துப் பார்த்தோர் குறைவு போலும். 15 பவுண்டை அறுபதால் வகுத்தால் தலைக்குக் கால் பவுண்டு, அதாவது 113 கிராம் உலர் இறைச்சி வருகிறது. ஃபார்மர் ஒரு குடும்பத்துக்குரிய உணவு முழுமைக்கும் இட்ட இறைச்சி இதே கால் பவுண்டுதான். சாறும் பாலும் சேர்ந்து தலைக்குச் சற்றேறக்குறைய 100 மில்லிலிட்டர். ஃபார்மர் அதே எடை இறைச்சிக்கு ஒரு முழுக் கோப்பை, அதாவது 237 மில்லிலிட்டர் பாலேடு சேர்க்கிறார். ஆகவே, படையின் 1910ஆம் ஆண்டு உணவு வீட்டு உணவைவிட இருமடங்குக்கும் மேல் இறைச்சிச் செறிவுடையது. இதில் சிக்கனம் எங்கே இருக்கிறது?

உண்மையில் அக்காலப் படையில் இறைச்சிப் பஞ்சம் இல்லை. பாசறையில் இருக்கும் வீரனுக்கு நாளொன்றுக்கு 20 அவுன்ஸ், அதாவது அரைக் கிலோவுக்கும் அதிகமான பச்சை மாட்டிறைச்சி விதிப்படி உரியது. எலும்பு அதனோடு வந்ததால் எலும்புச் சாற்றுக்குத் தனிச் செலவு இல்லை. அரிதாயிருந்தது பால். கறவை மாடில்லாத கோட்டைகளுக்கு அது டப்பாவில் வரவேண்டியிருந்தது. எனவே கையேடு பாலைச் சுருக்கிச் சாற்றைப் பெருக்கியது. மாவும் கொழுப்பில் சிவக்க வறுக்கப்பட்டது. இவ்வாறு செய்த சாஸ் வெள்ளையாக இருந்திருக்க முடியாது. இளம் பழுப்பு நிறக் குழம்பாகவே இருந்திருக்கும். பிற்கால வீரர் நினைவில் வைத்து ஏசிய வெளிறிய பசை இக்கையேட்டில் இல்லை.

இங்கே ஒரு தடை எழலாம். கையேடு என்ன சமைக்கச் சொன்னது என்பதற்குச் சான்றே அன்றி, தட்டில் என்ன விழுந்தது என்பதற்குச் சான்றன்று. தடை நியாயமானது. எனினும் உத்தரவுக்குக் கட்டுப்பட்ட சமையற்கூடத்தில் பொருள் வழங்கலைக் கையேட்டின் அளவே தீர்மானித்தது. ஆகையால், இறைச்சியை மிச்சப்படுத்தும் நோக்கம் அப்போது இருந்ததில்லை என்ற அளவுக்காவது இச்சான்று போதும்.

மந்தக் காலம்

சிக்கனத்தின் முத்திரை 1930களில் விழுந்தது. அமெரிக்க வேளாண்துறையின் மனையியல் பிரிவு 1923இல் லூயிஸ் ஸ்டான்லியின் தலைமையில் நிறுவப்பட்டது. 1926 முதல் அது 'ஆன்ட் சாமி' என்ற கற்பனைப் பெண்மணியின் குரலில் வானொலி வழியே சமையற்குறிப்புகளை ஒலிபரப்பியது. பொருளாதார மந்தம் சூழ்ந்தபோது இவ்வறிஞர்களின் கையில் நாட்டின் பசி ஒரு கணக்காக வந்து சேர்ந்தது. குறைந்த காசில் எத்தனை கலோரி, எவ்வளவு புரதம், எவ்வளவு சுண்ணாம்புச் சத்து? பாலும் மாவும் கொழுப்பும் மலிவு. ஆதலின் வெள்ளை சாஸ் மறுபடியும் அரியணை ஏறியது. ஜேன் சீகல்மனும் ஆண்ட்ரூ கோவும் 2016இல் எழுதிய 'எ ஸ்கொயர் மீல்' இக்காலத்து உணவைப் பற்றிய நல்ல வரலாறு.

1933 மார்ச் 21ஆம் நாள் வெள்ளை மாளிகையில் எலினார் ரூஸ்வெல்ட் தலைக்கு ஏழரை சென்ட் அடக்கமுள்ள மதிய உணவைப் பரிமாறச் செய்தார். தக்காளி சாஸுடன் அடைத்த முட்டை, மசித்த உருளைக்கிழங்கு, உலர் பிளம் பழக் களி, காபி; கார்னெல் பல்கலைக்கழக மனையியலார் வகுத்த பட்டியல் அது. குடியரசுத் தலைவரின் மேசையே இவ்வாறு இறங்கி வந்தபோது, ஒரு புட்டி உலர் இறைச்சியை நான்கைந்து பேருக்கு நீட்டித்த குடும்பம் வெட்கப்பட வேண்டியதில்லை. உப்பு மிகுந்த சிறிதளவு இறைச்சி பெரிய பாத்திரச் சாஸுக்குச் சுவையூட்ட வல்லது; காய்ந்துபோன ரொட்டியும் வாட்டினால் பயன்படும். பசித்தவனுக்கு வேண்டிய இளஞ்சூடும் கொழுப்பும் வயிற்றுக் கனமும் இதில் உண்டு.

அதே ஆண்டில் தொடங்கப்பட்டு 1942 வரை நடந்த குடிமக்கள் வனப் பாதுகாப்புப் படைத் திட்டம் வேலையற்ற இளைஞரைக் காடு வளர்க்கும் முகாம்களுக்கு அனுப்பியது. மாத ஊதியம் 30 டாலர். அதில் 25 டாலர் வீட்டுக்கு அனுப்பப்பட்டது. முகாம்களை நிர்வகித்தது தரைப்படை, உணவுக்கூடமும் படைமுறையே. வற்றிய உடலுடன் சென்ற பலர் எடை கூடித் திரும்பினர். படைச் சமையலை இகழும் மரபு ஒருபுறமிருக்க, மூன்று வேளையும் தட்டு நிறையும் என்பதை முதன்முதலாக அங்கே கண்ட இளைஞரும் இருந்தனர். இவ்வுணவின் வரலாற்றை எழுதுவோர் இவர்களை எளிதில் கடந்துவிடுகின்றனர்.

போரும் பெயரும்

இரண்டாம் உலகப்போரில் ஏறத்தாழ ஒரு கோடியே 60 இலட்சம் அமெரிக்கர் படைப்பணியாற்றினர். ஸ்டீபன் ஆம்ப்ரோஸ் தம் 'பேண்ட் ஆஃப் பிரதர்ஸ்' நூலில், 1943 மே இறுதியில் பயிற்சிக்காகக் கென்டக்கி மாநிலத்தின் ஸ்டர்ஜிஸ் ஊர்ப்புறத்தில் கூடாரமடித்த வான்குடைப் படையினர் இவ்வுணவையே உண்டதைக் குறிப்பிடுகிறார். களத்திலிருக்கும் வீரர்க்கு ஊட்டப் படை விரும்பிய உணவு இது என்பது அவர் கூற்று. படை விரும்பியதற்குக் காரணம் வெளிப்படை. புட்டியும் டப்பாவும் மூட்டையும் கெடாமல் கப்பலேறக்கூடியவை. பால் தூளாகவே செல்லும். ஒரே அண்டாவில் நூற்றுக்கணக்கானோர்க்குச் சமைக்கலாம். பயிற்சி குறைந்தவனும் கிண்டலாம்.

கேடும் அங்கேதான் தோன்றியது. கோதுமை மாவின் மாச்சத்து 60 பாகை செல்சியசுக்கு மேல் நீரை உறிஞ்சிப் பருத்துச் சாஸைத் திரளச் செய்கிறது. உடனே பரிமாறினால் அது வழுவழுப்பாக இருக்கும். கொதியாவியின்மேல் ஒரு மணி நேரம் காத்திருந்தால் நீர் வற்றிப் பசையாகும். தட்டில் ஆறினால் உறையும். மாவைக் கொழுப்பில் நன்கு பிசைந்து வறுக்காமல் பாலைக் கொட்டினால் கட்டி தட்டும். நான்கு பேருக்கான பாத்திரத்தில் இக்குறைகள் எளிதில் நீங்கும். ஐந்நூறு பேர் வரிசையில் நிற்கும் அண்டாவில் நீங்கா. வீட்டு மேசையில் மென்மையாயிருந்த உணவு வரிசையின் கடைசியில் நின்றவனுக்கு வேறொன்றாக வந்து சேர்ந்தது. கப்பற்படையினர் தக்காளியும் சாதிக்காயும் கொத்திறைச்சியும் சேர்த்த ஒரு வகையைச் செய்தனர். அதனைச் சுவையில் மேலானதென்று போற்றும் முன்னாள் மாலுமிகள் பலர்.

வீரர் இட்ட பெயர் 'ஷிட் ஆன் எ ஷிங்கிள்'. கூரை வேயும் மரப்பட்டையின்மேல் மலம் என்பது பொருள். மரப்பட்டை என்றது விறைத்த ரொட்டியை. வழக்கில் அது எஸ்.ஓ.எஸ். என மூன்றெழுத்தாகச் சுருங்கியது.

நன்னூலார் தகுதி வழக்கை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூன்றாக வகுப்பார். இப்பெயரை அவ்வகைப்பாட்டில் வைத்துப் பார்த்தல் பயன் தரும். ஒரு கூட்டத்தார் தமக்குள் வழங்குவதால் இது குழூஉக்குறி. அவையில் சொல்லத்தகாத சொல்லை எழுத்துச் சுருக்கத்தால் மறைப்பதால் எஸ்.ஓ.எஸ். இடக்கரடக்கலும் ஆகும். வீட்டாரோ மதகுருவோ கேட்டால் 'பழைய சரக்கே மறுபடியும்' எனவும், 'எம் வயிற்றைக் காப்பாற்றுங்கள்' எனவும் அதே எழுத்துகளுக்கு விளக்கம் சொல்ல முடிந்தது. 1906ஆம் ஆண்டு பெர்லின் மாநாட்டில் ஏற்கப்பட்ட கடல் அபாயக் குறியும் இவ்வெழுத்துகளே. 1942இல் அமெரிக்கத் தரைப்படை தன் பொருள் வழங்கல் பிரிவுக்குச் 'சர்வீசஸ் ஆஃப் சப்ளை' எனப் பெயரிட்டு ஓராண்டு வழங்கியது. அதன் சுருக்கமும் இதுவே. உணவை அனுப்பிய அலுவலகத்துக்கும் உணவுக்கும் ஒரே பெயர் அமைந்த இப்பொருத்தம் வீரரின் நகைச்சுவைக்கு வாய்த்த விருந்து.

ஏசலை வெறுப்பென்று மட்டும் கொள்வது பொருந்தாது. கட்டளையை மறுக்க இயலாதவன், தட்டில் வந்ததை ஏச மட்டும் உரிமை பெற்றிருந்தான். உணவைத் திட்டுவது தண்டனைக்குரிய குற்றமன்று. மேலதிகாரியைப் பற்றிச் சொல்ல இயலாதது ரொட்டியின்மேல் இறக்கப்பட்டது. ஒருங்கே ஏசியவர் ஒருங்கே உண்டனர். பின்னர் அவருட் பலர் திரும்பி வரவில்லை.

வீடு திரும்பிய உணவு

போருக்குப் பின் நிகழ்ந்ததே இவ்வரலாற்றில் விளக்கத்துக்கு அரிய பகுதி. ஏசியவர்களே வீடு திரும்பி ஞாயிறு காலையில் மனைவியிடம் அதனைக் கேட்டனர். சிலர் தாமே அடுப்பருகில் நின்றனர். முன்னாள் படையினர் சங்கக் கூடங்களில் நிதி திரட்டும் காலை விருந்துகளில் அது இன்றும் பரிமாறப்படுகிறது. நினைவேக்கம் என்று கூறி இதனை முடித்துவிடுதல் எளிது. ஆனால் அவ்விளக்கம் வீரரை மட்டுமே கருதுகிறது. அவர்கள் வீட்டில் அதனைச் சமைத்த பெண்டிர் அவ்வுணவைப் படையிலிருந்து அறிந்தவரல்லர். மனையியல் வகுப்பிலிருந்தும் மந்தக்காலத்து அன்னையரிடமிருந்தும் அறிந்தவர். ஒரே தட்டில் கணவன் பாசறையைக் கண்டான். மனைவி தன் தாயின் அடுக்களையைக் கண்டாள். பிள்ளைகளுக்கோ அது பள்ளிக்கூட நாளின் சூடான காலை உணவு. மூன்று நினைவுகளும் ஒரே குடும்பத்தில் கூடியதாலேயே இது நிலைத்தது என்பது என் துணிபு. படை நினைவு மட்டும் போதுமாயிருந்தால், அதே வீரர் உண்ட வேறு பல களப் பொட்டலங்களும் வீட்டு மேசைக்கு வந்திருக்க வேண்டும், வரவில்லை.

'ஆறுதல் உணவு' என்று பொருள்படும் 'கம்ஃபர்ட் ஃபுட்' என்னும் ஆங்கிலத் தொடர் 1960களில் அச்சில் தென்படத் தொடங்குகிறது. அதற்குள் ஸ்டௌஃபர்ஸ் போன்ற நிறுவனங்கள் உறைபனி உணவுகளை விற்கத் தொடங்கிவிட்டன. காலப்போக்கில் இவ்வுணவும் உறைந்த பெட்டியில் கடைக்கு வந்தது. இதில் ஒரு முரண் உண்டு. மூன்று மலிவுப் பொருள்களை ஐந்து நிமிடம் கிண்டினால் ஆகும் உணவை ஆயத்தமாக வாங்குவோர் சிக்கனத்துக்காக வாங்குவதில்லை. தவிர, புட்டியில் வரும் உலர் இறைச்சி எடைக்கு எடை பார்த்தால் கொத்திறைச்சியைவிட விலை உயர்ந்துவிட்டது. ஏழையின் உணவென்ற பெயர் ஒட்டிக்கொண்டிருக்க, அதன் முதன்மைப் பொருள் மலிவாக இல்லை.

வீடுகள் இதற்குத் தீர்வு கண்டன, படையும் கண்டது. கொத்திறைச்சியை அதன் கொழுப்பிலேயே வதக்கி, அக்கொழுப்பிலேயே மாவைத் தூவி, பாலை ஊற்றிக் கிண்டுவர். தனியே வெண்ணெய் வேண்டாம். ஊறவைக்கும் பத்து நிமிடம் வேண்டாம். உப்பு சமையற்காரர் கையில். அமெரிக்கப் படைகளுக்குப் பொதுவான சமையற்குறிப்பு அட்டைகளில் நூறு பேருக்கான அளவில் இடம்பெற்றுள்ள கொத்திறைச்சி வகை இத்தகையதே. உலர் இறைச்சி வகைக்கும் அங்கே தனி அட்டை உண்டு. இரண்டையும் வீரர் ஒரே பெயரால்தான் அழைக்கின்றனர்.